முதல் பக்கத்தில் ஒரு கையெழுத்து

போன வியாழக்கிழமை, நடுப்பகல். கரும்புப் பூ வெள்ளை வெள்ளையாகக் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நாமும் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பிவிடுவோம் போலிருக்கும். அப்படி நான் எழும்பியிருந்தபோதுதான் உள்ளேயிருந்து மனைவியின் குரல் — பிரசவ வலி எடுத்துவிட்டது!

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாத்தியார் அடிப்பாரோ என்று பயந்து மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வாரந்தோறும் இந்தப் பத்தியில் என் கவலைகளைச் சகித்துவரும் உங்களுக்குத் தெரியாததா?

"பூரணாங்குப்பத்துக்கு வண்டி கட்றேன். பழைய மருத்துவச்சிய இட்டாறேன்."

"இன்னாத்துக்கு? சவரியம்மா இல்ல? அவ படிக்கணும்னு கையெழுத்து போட்டது நீங்கதான?"

போட்டேன்தான். சவரியம்மா எங்கள் வயலில் கரும்பு வெட்டுகிறவரின் மகள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்; நாங்கள் இந்தப் பக்கம், பெரிய தெரு. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவள் பிரசவம் பார்க்கப் படிக்கச் சர்க்காரே செலவை ஏற்றது. ஒரே நிபந்தனை — 'படித்து வந்தால் இவளை எங்கள் வீட்டுக்கு அழைப்போம்' என்று ஊரில் பத்துக் குடும்பம் எழுதித் தரவேண்டும். பத்தென்ன, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் இருபது பேர் வரிசையில் நின்று போட்டோம்!

அவள் வந்து எட்டு மாதம்... ஒருவரும் கூப்பிடவில்லை. "பெரிய தெருவே கூப்பிடல, நாம எதுக்கு?" என்றார்கள் அவள் தெருக்காரர்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டிய புத்தகம் வெள்ளையாகவே கிடந்தது. வருஷத்துக்குள் ஒரு குழந்தையாவது அதில் ஏறாவிட்டால் அவள் வேலை போகும். அடுத்து எந்தப் பெண்ணுக்கும் உதவி கிடையாது.

வாய்க்காலைத் தாண்டி ஓடினேன். வெள்ளைப் புடவையும் பெட்டியுமாகக் கூடவே வந்தவள், வீட்டை நெருங்கியதும் பழக்கத்தில் கொல்லைப்புறம் திரும்பினாள். ஜன்னலில் மனைவி:

"அடியே, இங்க உசிரு போவுது, நீ கொல்லைய சுத்தினு வர்றியா? வாசப்பக்கமா வாடி!"

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நான். வெந்நீர் ஆவி, சோப்பு வாசனை, முனகல்... எல்லாம் குளத்தின் அடியிலிருந்து வருவதுபோல் வந்தன. பூ மட்டும் மிதந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம்? தெரியாது.

பிறகு — ஓர் அழுகை.

"பொண்ணுய்யா. ரெண்டு பேரும் சொகம்." சவரியம்மா புத்தகத்தை நீட்டினாள். முதல் பக்கம். பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"இன்னாய்யா, அன்னிக்கி ஆபீஸ்ல ஜோராதான போட்டீங்க?"

அன்றைக்கு, மற்ற பத்தொன்பது பேர் கூப்பிடுவார்கள் என்று நினைத்தல்லவா போட்டேன்!