உயரம் தெரிந்தால் தூரம் தெரியும்

சாலவாக்கத்தில் பெஞ்சமின் என்றால் நாலு பேருக்குத்தான் தெரியும். மிலிட்ரி என்றால் ஏரிக்கரை நாய்க்குக்கூடத் தெரியும். பட்டாளத்தில் தூரத்துக் குறி சுடுகிறவராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். துப்பாக்கியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், பழக்கத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப்புக்குள் ஒரு கூட்டல் குறி தெரியுமாம், கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகள். எதிரே நிற்கும் ஆள் எத்தனை புள்ளிக்குள் அடங்குகிறான் என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். குண்டு போகப்போகத் தாழும் என்பதால், தூரத்துக்கு ஏற்றபடி குறியைத் தூக்கி வைக்க வேண்டும்.

"ஆனா ஆளோட உசரம் உனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் தமிழு. அது தப்பாச்சின்னா எல்லாமே தப்பு" என்பார் என்னிடம்.

இப்போது ஸ்கோப்புக்குப் பதில் நகத்தால் கோடு போட்ட தென்னை ஈர்க்கு. ஏரிக்கரையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மாடு, டவுன் பஸ், என் மாமியார் எல்லாவற்றையும் அளப்பார். நான் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆனாலும் அவர் யாருக்காக ஊருக்குள் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மகள் ஷாரோன் மஸ்கட்டில் நர்ஸ். ஏழு வருஷமாக ஊருக்கு வரவில்லை. பேத்தி அங்கேயே பிறந்தாள். அவளைப் போனில் பார்த்ததோடு சரி. 'இந்த வாரம் வர்றோம், என்னிக்குன்னு சொல்லமாட்டேன்' என்று மகள் விளையாட்டுக் காட்டியதிலிருந்து மனிதர் கரையை விட்டு நகரவில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

நேற்று சாயங்காலம், வெயிலுக்கு எதிரே, பனைமரத் திருப்பத்தில் ஓர் உருவம் வந்தது. மிலிட்ரிக்குக் கண்ணில் லேசாகப் புரை வேறு. ஈர்க்கைத் தூக்கினார்.

"நடையைப் பாரு, எங்க ஷாரோனேதான்! அவ உசரத்துக்கு இன்னும் நூறு மீட்டர் கீது. நீ ஓடிப்போயி வூட்ல லைட்டைப் போடு."

சாவியை வாங்கி நான் கரையை விட்டு இறங்குவதற்குள் அந்த உருவம் ஓடிவந்து அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றது. ஆறு வயதுப் பெண். ஷாரோனைப் போலவே காலை அகட்டி வைக்கும் நடை. பெட்டியை இழுத்துக்கொண்டு ஷாரோன் அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தாள்.

"உசரத்தைத் தப்பா போட்டுட்டேன்பா" என்றார் மிலிட்ரி.

போனில் முகம்தானே தெரியும், உயரம் எங்கே தெரியும். ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டு, பேத்தியைத் தன்னோடு சேர்த்து நிறுத்தி, தலை எதுவரை வருகிறது என்று பார்த்தார். பெல்ட்டுக்கு மேலே வந்தது. மனிதர் அழுதுவிட்டார்.

ஷாரோன் வந்து சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி நாள் லீவும்மா?"

"பத்து நாள்பா."

பேத்தியின் தலைமேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"அடுத்த வாட்டி நீங்க வர்றப்ப இந்த உசரம் இருக்காதேம்மா" என்றார்.