கப்பல் ஆபீஸ் கதவு

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். எழுத்துப் பிழைகளும் ஏராளம். பத்திரிகையில் என் பத்தியை அச்சுக் கோர்ப்பவர் வாராவாரம் திட்டிக்கொண்டேதான் திருத்துவார்... ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மன்னிக்க வேண்டும். இந்த வாரம் கடைசியில் ஒரு விலாசம் வருகிறது. அதில் மட்டும் பிழை வந்துவிடக் கூடாது.

நேற்று என் சலூனைக் காலி செய்தேன். ராயபுரம் கடைத்தெருவில் அந்தக் கட்டடம் எத்தனை பேரைப் பார்த்துவிட்டது! முதலில், கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஆபீஸ். யுத்தத்தில் குண்டு விழும் என்று ஊரே ஓடியபோது அவர்களும் பூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ரேஷன் கடை. பிறகு காபி கிளப். அப்புறம் நான். இனி ரேடியோ கடை.

போர்டு மாறும்போதெல்லாம் லூர்தம்மா வந்துவிடுவார். மீன் விற்பவர். நான் கடை திறந்த அன்றும் கூடையோடு வாசலில் நின்றார். நானோ கூச்சக்காரன். எங்கே பார்ப்பது?

"இன்னா நைனா, தரையில இன்னா தேடுற? இத கேளு. என் வூட்டுக்காரரு இங்கதான் கைநாட்டு வச்சிட்டு கப்பலுக்குப் போனாரு. சண்டை நேரம்... அப்பால ஒரு சேதியும் இல்ல. குப்பத்துல எங்க குடிசைய கடல் தூக்கினு பூட்ச்சு. அவருக்குத் தெரிஞ்ச எடம் இனிமே இது ஒண்ணுதான். வந்து கேட்டா, நான் எங்க கீறேன்னு சொல்லுவியா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு!"

"சொல்றேன்மா."

எனக்கு முன் இருந்த காபி கிளப்காரரும் சாவியோடு இதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அவருக்கு ரேஷன் கடைக்காரர் சொன்னாராம்.

நேற்று என் முறை. மென்று விழுங்கி, ரேடியோ கடைக்காரரிடம் சொல்லி முடித்தேன். சிரித்தார்.

"நான் வாடகைக்கு எடுத்தது கடையா, தபாலாபீஸாய்யா? அந்த ஆளு செத்து எத்தினி வருசம் ஆச்சோ!"

திரும்பினால் — பின்னால் லூர்தம்மா. கூடையை மெதுவாக இறக்கி வைத்தார்.

"செத்துட்டாருன்னா, அத யாராச்சும் வந்து சொல்லணும்ல நைனா? அவனும் இங்கதான வருவான்?"

ரேடியோ கடைக்காரர் இப்போது தரையைப் பார்த்தார்.

சொல்வாரா? தெரியவில்லை. அவருக்குப் பின் வருகிறவர்? கட்டடத்துக்கு என்ன தெரியும்... வாடகை கொடுப்பவனைத்தான் தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தாள் பொட்டலம் கட்டவாவது துறைமுகம் வரை போகுமே.

கப்பல் ஆபீஸைத் தேடி வருகிறவருக்கு — நீங்கள் லூர்தம்மாவின் கணவர் சவரிமுத்துவாக இருந்தாலும் சரி, அவரைப் பற்றிய சேதியோடு வருகிறவராக இருந்தாலும் சரி — லூர்தம்மா திருவொற்றியூரில் இருக்கிறார். மாதா கோயிலுக்குப் பின் சந்து, கிணற்றை ஒட்டிய ஓலை வீடு. மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பார்.

12 மார்ச் 1953, வியாழன்.