அட்டையில்லாத புத்தகத்தின் கடைசி அத்தியாயம்

கடற்காற்றில் ஈரமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் பிரிக்கும்போது எழும் மெல்லிய "சர்" சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு லொட்ஜில், நானும் பவானி அக்காவும் பங்குபோட்டு வாசித்த விஞ்ஞானக் கதைப் புத்தகத்தின் சத்தம் அது. எங்களுக்கு முன் அந்த அறையில் இருந்த யாரோ வெளிநாடு போகும் அவசரத்தில் விட்டுப்போனது; அட்டை கிழிந்துபோனதால் அதன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அந்த லொட்ஜில் இருந்த எல்லாருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருந்தவர்கள். கீழே டெலிபோன் அடித்தால் மூன்று மாடியிலும் கதவுகள் திறக்கும். யாருக்காவது "பயணம் சரி" என்று செய்தி வந்தால், மற்றவர்கள் வாழ்த்திவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேலே ஏறுவார்கள். பெட்டியிலிருந்து இரண்டு சட்டைக்கு மேல் வெளியே எடுக்க அம்மா விடமாட்டார். "இண்டைக்கோ நாளைக்கோ, ஆருக்குத் தெரியும்" என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் தாயோடு இருந்த பவானி அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. படத்தில் மட்டும் பார்த்த ஒருவரைக் கலியாணம் செய்ய நோர்வேக்குப் போகக் காத்திருந்தார். காலையில் புத்தகம் எனக்கு, பின்னேரம் அவருக்கு. ஆளுக்கொரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்திருந்தோம். வாசிப்பில் முன்னால் போனவர் மற்றவருக்குக் கதையைச் சொல்லக்கூடாது. கதையில், பன்னிரண்டு பேர் ஏறிய விண்கலமொன்று வழிமாறி, பூமி கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விடுகிறது. "உவையள் திரும்பி வருவினமோ?" என்று அக்கா நாளுக்கு நாலு தரம் கேட்பார். எரிச்சலாக வரும், ஏனென்றால் எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது.

இருவருக்கும் கடைசி அத்தியாயம் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு பகலில் டெலிபோன் அடித்தது. அக்காவுக்குப் பயணம் சரி, பின்னேரமே விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. நான் மட்டும் அந்த லொட்ஜில் கிடக்க, அவர் போவதா என்ற கோபத்தில் புத்தகத்தை எங்கள் பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

பாதி பின்னிய தலையோடு அக்கா ஓடிவந்தார்.

"புத்தகத்தை ஒருக்காத் தாவன் பிள்ளை, கடைசியை மட்டும் பாத்திட்டுத் தாறன்."

காணவில்லை என்று சொன்னேன். கீழே அவரை ஏற்றிப்போக வந்த வான் ஹோர்ன் அடித்தது.

"நீ முடிச்சிருப்பாய்தானே. எனக்கு இனி வாசிக்க நேரமில்லை. சொல்லு, அவையள் திரும்பி வந்தவையோ?"

நான் முடித்திருக்கவில்லை. "ஓம் அக்கா, எல்லாரும் வீட்டை வந்து சேந்திட்டினம்" என்றேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தபடி படியிறங்கினார்.

அடுத்த நாள் காலை கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். அவர்கள் திரும்பி வரவில்லை. வேறொரு இடத்தில் இறங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் பூமி என்ற ஒன்று இருந்ததை நம்பவேயில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பயணம் சரிவரவேயில்லை; நான் கொழும்புக்காரியாகவே ஆகிவிட்டேன். லொட்ஜை இடித்து, லிஃப்ட் வைத்த பத்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். டெலிபோன் சத்தத்துக்குக் கதவு திறப்பவர்கள் அங்கே யாருமில்லை. போன வாரம், நான் இருக்கும் வாட்ஸ்அப் வாசகர் குழுவில், இப்போது வாசிக்கும் விஞ்ஞானக் கதையைப் பகிரும்படி ஒருவர் கேட்டார். ஆளாளுக்குப் புத்தக அட்டைகளைப் போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் நோர்வேயிலிருந்து இப்படி எழுதியிருந்தார்: "வாசிக்கேல்லை, ஒரு புத்தகத்தைத் தேடுறன். பேர் தெரியாது. வெள்ளவத்தையிலை ஒரு சின்னப்பிள்ளையோடை பங்குபோட்டு வாசிச்சனான். கடைசியிலை எல்லாரும் வீட்டை வந்திடுவினம். இஞ்சை வந்த புதுசிலை அந்த முடிவை நினைச்சுத்தான் நாளைக் கடத்தினனான்." பெயர் பவானி என்றிருந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதினேன், அழித்தேன், பல்கனிக்கும் அலுமாரிக்கும் நடந்தேன். அந்தப் புத்தகம் அலுமாரியில்தான் இருக்கிறது. கடைசியில் அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன்: "அக்கா, நான்தான் அந்தப் பிள்ளை. புத்தகத்தை ஒளிச்சதும் நான்தான். அண்டைக்கு நான் முடிவு வாசிச்சிருக்கேல்லை. அவையள் திரும்பி வரேல்லை."

பார்த்துவிட்டார் என்று நீலக்கோடு காட்டியது. பிறகு பதில் வந்தது.

"அப்ப எங்களை மாதிரித்தான். சரி பிள்ளை, அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படமெடுத்து அனுப்பு. இப்ப எனக்கு நேரமிருக்கு."