கிணற்றில் கல் போட்டுப் பார்த்தவர்

நான் மோட்டார் மெக்கானிக். சுரண்டைக்கு மேற்கே ஒரு கிணற்றில் மோட்டார் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்ட இடத்தில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கிணற்றுக்கு ஒரு புறம் அவருடைய மூத்த மகனின் சின்ன வெங்காயம், மறுபுறம் இளையவனுடையது. கார்த்திகையில் மழை பொய்த்துவிட்டது. மார்கழிப் பனி வெங்காயத் தாளைக் கருக்கிக்கொண்டிருந்தது. சந்தையில் விலை மட்டும் தாறுமாறாக ஏறியது.

காக்கி டவுசரும் வெற்று மார்புமாக, காய்ந்த உடைமரம் போல இருந்தார். நான் வேலை பார்த்த நேரமெல்லாம், அடிக்கடி ஒரு கல்லைக் கிணற்றில் போட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மோட்டார் ஓடியதும், யாருக்கு முதலில் தண்ணீர் என்று மகன்கள் மோதிக்கொண்டார்கள். மூத்தவன் மம்பட்டியை வீசினான். இளையவனின் காது கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் ஓடிப்போய் அரிவாளை எடுத்து வந்தான்.

அவர் யாரையும் தடுக்கவில்லை. நிதானமாக சுவிட்சை அணைத்தார். கிணற்றடியில் கிடந்த கடப்பாரையை எடுத்து மோட்டாரை அடித்தார். அரை நாள் மல்லுக்கட்டி நான் ஓட வைத்த மோட்டார், கண்ணெதிரே பிளந்து சிதறியது.

"யப்பா, வெங்காயம் பூராம் காஞ்சு போவுமே," என்றான் இளையவன், அரிவாளைத் தாழ்த்தி.

"காயட்டும்லே. வெல இறங்கிக் கெடந்தப்ப இந்தத் தண்ணிக்கு ஒருத்தனும் சண்டைக்கு வரல. ஏறுனதும் வெட்டிக்கிட்டுச் சாவுதிய."

கடப்பாரையை எறிந்தவர், பழக்கதோஷத்தில் ஒரு கல்லைக் கிணற்றில் போட்டுத் தலையைச் சாய்த்தார். உள்ளே தண்ணீர் இருக்கும் சத்தம் எங்கள் நால்வருக்கும் தெளிவாகக் கேட்டது.