ஆத்தா வாசல்ல நான் தூத்துன மண்ணு

கோவிலுக்கு வந்திருக்கிற எல்லாரும் கேளுங்க. நான் கிளிஞ்சல்மேடு செல்வி, கருவாடு போடுறவ. ஆத்தாகிட்ட நான் நல்ல மனசோட வேண்டல. ஒருத்தன் நாசமாப் போகணும்னுதான் வேண்டுனேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசியில புயலடிச்ச மறுநாள் காலையில, என் வீட்டு நடு ரூம் மேல்தளம் பொத்துன்னு விழுந்துச்சு. கட்டி மூணு வருசம்கூட ஆகல. மக பிரசவத்துக்கு வந்திருந்தா. புள்ளைக்கு இருபத்தஞ்சு நாள். பாலுக்கு அழுதுச்சுன்னு அப்பத்தான் தூளியிலேருந்து தூக்குனா. தூளி மேல கல்லும் கம்பியும் கிடந்துச்சு. அன்னிக்கே சம்பந்தி வந்து தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பெத்த மகளை ஒரு மாசம் வச்சுக்க வக்கில்லாமப் போச்சு எனக்கு.

கட்டுன காண்ட்ராக்டர் தலத்தெரு ஊர்க்காரன். பேரைச் சொன்னா வாய் கசக்கும். வேலை நடந்த அத்தனை நாளும் மத்தியானம் என் வீட்டு மீன் குழம்புதான் தின்னான். "புயலடிச்சா நான் என்னக்கா பண்றது? இன்சூரன்ஸைக் கேளுங்க"ன்னான். இன்சூரன்ஸ்காரங்க வந்து பார்த்துட்டுக் கடுதாசி போட்டாங்க. புயலால விழல, கட்டுமானக் குறை, பாலிசி பொருந்தாதுன்னு. இவன் அங்க போங்கிறான், அவங்க இங்க போங்கிறாங்க. தை பொறக்கிற வரைக்கும் அலைஞ்சேன்.

எங்க பக்கம் அநியாயம் பண்ணவனுக்கு ஆத்தா வாசல்ல மண்ணை வாரித் தூத்துவோம். அவன் போட்ட மண்ணாவே இருக்கட்டும்னு, விழுந்த தளத்து நடுத்துண்டை அம்மியில வச்சு இடிச்சு முந்தானையில கட்டிக்கிட்டு வந்தேன். "ஆத்தா, அவன் குடி விளங்கக் கூடாது!"ன்னு கத்திக்கிட்டே தூத்துனேன். கடல்காத்து சுழட்டி அடிச்சு அம்புட்டும் என் வாயிலயே விழுந்துச்சு.

அடிப்பாவி, என்னையே அடிக்கிறியேன்னு ஆத்தாவையும் ஏசிட்டேன். துப்பப் போனவ அப்படியே நின்னுட்டேன். கரிச்சுது. முப்பது வருசமா கருவாட்டுக்கு உப்பு போடுறவ நான், என் நாக்கு ஏமாறுமா? ஆத்து மணல்னு சொல்லித்தானே போட்டான், ஆத்து மணலுக்கு ஏது இந்த உப்பு? முந்தானையை விரிச்சா பொடிப்பொடியா கிளிஞ்சல் துண்டு. கடல் மண்ணை அள்ளிட்டு வந்து தளம் போட்டிருக்கான் படுபாவி! அந்த உப்புலதான் உள்ள இருந்த கம்பியெல்லாம் துருவாப் போயிருக்கு.

நேரா டவுன்ல இருக்கிற ஒரு வக்கீலம்மாகிட்ட போனேன். நான் கிழிச்சுப் போட இருந்த இன்சூரன்ஸ் கடுதாசியைப் பார்த்துட்டு, "இதைப் பத்திரமா வைங்கம்மா, கட்டுமானக் குறைன்னு அவங்களே எழுதியிருக்காங்க, நமக்கு இதுதான் பிடி"ன்னாங்க. நுகர்வோர் கோர்ட்டுல அவன், உப்பு கடல்காத்துல வந்ததுன்னு சாதிச்சான். கோர்ட்டு அனுப்புன இன்ஜினியர் மிச்சத் தளத்துல துளை போட்டு எடுத்த துண்டுக்குள்ளயும் கிளிஞ்சல். "காத்து கிளிஞ்சலையும் கொண்டாந்து உள்ள வச்சுச்சா?"ன்னு வக்கீலம்மா கேட்டாங்க. அவன் செலவுல இடிச்சுப் புதுசாப் போட்டுத் தரணும்னு தீர்ப்பாச்சு.

அவன் குடி கெடணும்னு கேட்டேன், ஆத்தா அதைக் குடுக்கல. அதுல எனக்கு இன்னும் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆத்து மணல் லோடு வந்து இறங்குனப்ப தெருவே கூடி நின்னுச்சு. ஒரு பிடி அள்ளி அவன்கிட்ட நீட்டுனேன்.

"வாயில போட்டுப் பாருங்க காண்ட்ராக்டரே."

"என்னக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். என் குழம்பைத் தின்ன வாய்தானே?"

தின்னான். ஒவ்வொரு லோடுக்கும் தின்னான். என் வயிறு குளுந்துச்சு.

அங்கயும் இங்கயும் அலைஞ்சு கிடந்தவளைக் கோர்ட்டுப் படி ஏற வச்சது ஆத்தாதான். இப்ப எங்க தெருவுல யாரு வீடு கட்டுனாலும் என் நாக்குல மணலை வச்சுட்டுத்தான் கலவை போடுறாங்க. உங்களுக்கு அநியாயம் நடந்தா வயித்தெரிச்சலோடயே இங்க வாங்க, நல்ல மனசு வரட்டும்னு காத்திருக்காதீங்க. ஏசுனாலும் ஆத்தா கேட்பா.

இந்த வாரம் மக வந்திருக்கா. அதே ரூம்ல தூளி கட்டுனேன். புள்ளை வளர்ந்துட்டான், தூளியில அடங்கல, காலு வெளிய தொங்குது. அந்தக் காலைப் பார்க்கிறப்பல்லாம், அவனை இன்னொரு பிடி தின்ன வச்சிருக்கணும்னு தோணுது.