விட்டுப்போன மைனஸ்

சத்தியமாக நடந்தது. பேயாவது பிசாசாவது என்று கேலி பேசித் திரிந்தவன்தான் நானும். பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பட்டறையில் அறை அளவுக்கு ஒரு சிஎன்சி மெஷின் உண்டு; கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பை வெட்டும். அதற்குப் புரோகிராம் எழுதுவது நான். வளைவாக வெட்ட, தொடங்கும் இடம், முடியும் இடம், ரேடியஸ் கொடுத்தால் போதும். ஆனால் வளைவு அரை வட்டத்தைத் தாண்டினால் ரேடியசுக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும். விட்டால், வெட்டுகிற டூல் சுற்றிப் போகாமல் குறுக்கே வந்துவிடும்.

ஆபரேட்டர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். புரோகிராமை ஏற்றிவிட்டு, போனை வெளியே பேனல் மேல் வைத்துவிட்டு, இரும்பைப் பிடித்திருக்கும் கிளாம்பைப் பார்க்க மெஷினுக்குள் போனேன். உள்ளே போகிறவர் மெஷின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டிருந்தேன். சாவி இல்லாமல் அது ஓடாது.

மெஷின் கதவு மெல்ல நகர்ந்தது. டக்... பூட்டிக்கொண்டது.

"அண்ணே! விளையாடாதீங்க, தெறங்க!"

அண்ணன் அப்படி விளையாடுகிற ஆளில்லை. எண்ணெய் படிந்த கண்ணாடிக்கு வெளியே ஒரு முதுகு தெரிந்தது. நீலச் சட்டை. எங்கள் சட்டை சாம்பல் நிறம்.

என் போன் அடித்தது. அவளுக்கென்று வைத்த பாட்டு; மனைவிதான். அவளுக்கு நிறைமாதம்.

நீலச் சட்டைக் கை ஒன்று நீண்டு போனை எடுத்தது.

ம்ம்ம்ம்... டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியது. பையைத் தொட்டேன். சாவி என்னிடம்தான் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மைனஸ்... நான் போடவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் டூல் குறுக்கே வரும் வழியில் நிற்பது நான்.

கண்ணாடியைக் குத்தினேன்.

பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனா?

டூல் வந்தது...

நின்றது.

மறுபக்கமாக, முழுதாகச் சுற்றிப் போனது.

டக். கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. திரையில், ரேடியசுக்கு முன்னால் மைனஸ் இருந்தது.

திரும்பி வந்த அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"நீலச் சட்டையா? அது பழைய யூனிபாரம்டா. உனக்கு முன்னாடி புரோகிராம் எழுதுனவரு... இதுக்குள்ளதான் போய்ச் சேந்தாரு. அன்னிக்கும் மைனஸ் விட்டுப்போச்சு."

மனைவியை அழைத்தேன்.

"யாருங்க போன எடுத்தது? ஏதோ மைனஸ் விட்டுட்டீங்களாம், அவரு போட்டுட்டாராம்."

"வேற என்ன சொன்னாரு?"

"இந்த ஒரு தடவ அனுப்பி வைக்கிறேம்மான்னாரு..."