நான்கு பாட்டில் காபிப்பொடி

“ஆனி 14, சனி. காலை 6.40. நான்கும் தப்பு. நான்குமே சரியாக ஓர் இடம் தள்ளி.”

சென்ற ஆண்டு நோட்டில் நான் எழுதியது இது. முதலில் பென்சிலில் எழுதி, அதன் மேலேயே பேனாவாலும் எழுதியிருக்கிறேன். இதற்கு முந்தைய பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. கோடு கீழேயிருந்து கிளம்பி, நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கி, பிறகு மளமளவென்று மேலே போகிறது. என் மனைவியின் மூக்கு குணமாகி வந்த கதை என்று நம்பி நான் வரைந்தது. அந்தக் கோட்டில் உண்மை எதுவும் இல்லை என்பது ஆனி 14 அன்று காலையில்தான் தெரிந்தது.

சித்திரைக் கடைசியில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் விட்டது. விட்ட மறுநாள் காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“வெந்நீர்ல சீனியப் போட்டாப்ல இருக்கு,” என்றாள்.

சளி அடைத்திருக்கும் என்று நினைத்தோம். சளி போனது, வாசம் திரும்பவில்லை. மற்றவர்களுக்கு இது ஒரு குறை என்றால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த வீட்டில், பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, பருப்பின் பதம் எல்லாமே வாசத்தில்தான். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த பிறகும் அவள் அப்படித்தான் சமைத்தாள். சாம்பார் கொதிக்கும்போது கூடத்திலிருந்தே “உப்பு பத்தல” என்று எழுந்து போவாள், போட்டுவிட்டு வருவாள், சரியாக இருக்கும். அந்த வைகாசியில் அவள் அடுப்பின் முன் கரண்டியோடு நின்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து “சரியா இருக்கு” என்பேன். பெருமாளுக்கு முன்னால் நான் ருசி பார்த்தது அவளுக்கு ஒவ்வொரு நாளும் குத்தியது. அதை அவள் சொல்லவில்லை. சாமிக்குக் காட்டுவதையே நிறுத்திவிட்டு, ஒரு வாழைப்பழத்தை மட்டும் வைத்தாள்.

இங்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். நரம்பு மெதுவாகத் திரும்பலாம், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். பழகிய வாசனைகள் நான்கை எடுத்து, காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, தைலம் என்று ஆரம்பித்தாள். பத்து நாளில் சலித்துவிட்டது. கிராம்பும் ஒன்றுதான் சுள்ளியும் ஒன்றுதான் என்று எடுத்து வைத்துவிட்டாள்.

அவளுக்கு உண்மையில் வேண்டிய வாசம் காபியுடையது. அதனால் நான்கு வாசனையும் காபியாகவே இருக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டுக்குக் காபிப்பொடி ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு சின்னக் கடையிலிருந்து வருகிறது. கடையை நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தானே வறுத்துத் தானே அரைக்கிறவர். என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு காபி வேண்டும் என்று கேட்டதும் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இம்புட்டு வருஷமா ‘வழக்கம்போல’ன்னு ஒரே வார்த்தைதான் கேட்டீக. இன்னைக்கு என்ன அண்ணாச்சி, திடீர்னு ஞானம் வந்திருக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனவர் நாலு சாக்கிலிருந்து ஒவ்வொரு கை அள்ளிக்கொண்டு வந்தார்.

நான் பஞ்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே விதையைக் கரிசலில் போட்டால் ஒரு இழை, செம்மண்ணில் போட்டால் வேறு இழை என்பது என் விரலுக்குத் தெரியும். பருத்தி வெடிக்கிற நேரத்தில் மழை பெய்ததா என்பதைப் பஞ்சின் நிறமே சொல்லிவிடும். இத்தனை தெரிந்த நான் காபியும் ஒரு செடியில் காய்ப்பதுதான், அதற்கும் மண்ணும் மழையும் உண்டு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஸ்ட்ராங், லைட் என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அறுபது வயதைத் தாண்டிவிட்டேன்.

கடைக்காரம்மா கல்லாவின் மேல் ஒரு தாளை விரித்து வரிசையாகக் கொட்டினார். முதலாவது தாண்டிக்குடி மலையில் விளைந்த அரபிகா, இளம் வறுவல். மேடான இடத்தில், குளிரில், மர நிழலில் பழம் மெதுவாகப் பழுப்பதால் அதில் புளிப்பும் மணமும் கூடும் என்றார். இரண்டாவதும் அதே மலை, அதே கொட்டைதான். ஆனால் எண்ணெய் மினுங்கும் வரை கறுக்க வறுத்தது. மூன்றாவது வயநாட்டு ரோபஸ்டா. தாழ்ந்த இடத்தில், வெக்கையில் வளர்வது. கசப்பும் கனமும் அதிகம். பாலை எவ்வளவு ஊற்றினாலும் அமுங்காது. நான்காவது சிக்மகளூர் பீபெரி, நடுத்தர வறுவல். காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை முகம் பார்த்து ஒட்டியிருக்கும். சில பழத்தில் ஒன்றே உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி.

“இளசா வறுத்தா மலை பேசும். கறுக்க வறுத்தா அடுப்பு பேசும்,” என்றார். சிக்கரி எதிலும் சேர்க்கவில்லை. அது வேறொரு செடியின் வேர், நிறத்துக்கும் கெட்டிக்கும் போடுவது, இந்த வைத்தியத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

நான்கு ஜாம் பாட்டிலில் பொடியை நிரப்பி, நிறம் தெரியாமல் காகிதம் சுற்றி, அடியில் எண் எழுதினேன். வைகாசி 25 காலையில் ஆரம்பித்தோம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடிப்பேன். எந்த எண் என்று அவள் சொல்ல வேண்டும்; பிறகு சரியான எண்ணை நான் சொல்வேன். மனப்பாடம் ஆகிவிடக் கூடாதே என்று தினமும் வரிசையை மாற்றினேன். முதல் நாள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுநாள் இரண்டில் ஆரம்பித்து ஒன்றில் முடியும். அதற்கு மறுநாள் மூன்றில் ஆரம்பம். மில்லில் மாதிரி எடுக்கிற முறை அது.

முதல் நாள் நான்கில் ஒன்று சரி. இரண்டாம் நாளும் ஒன்று. மூன்றாம் நாள் இரண்டு சரி. ஒரு வாரத்தில் நான்கும் சரியாக வந்தது. இடையில் இரண்டு நாள் சறுக்கினாள். மருத்துவர் சொன்ன ஏற்ற இறக்கம் இதுதான் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். வெளியூரில் இருக்கும் மகளுக்கு வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். ஆனாலும் சமையலறையில் அவள் என்னைக் கூப்பிடுவது நிற்கவில்லை. உப்பின் வாசம் கடைசியாகத்தான் திரும்பும் போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஆனி 13 அன்று வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம். முதல் பஸ்ஸுக்கே கிளம்பியதால் அன்று பாட்டிலை எடுக்கவில்லை. மறுநாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஆனி 13க்கு உரிய வரிசையையே வைத்தேன். அவள் நான்கையும் தயங்காமல் சொன்னாள். நான்கும் தப்பு.

நோட்டைப் பார்த்தேன். தப்பு கண்டபடி இல்லை. அன்று வரிசை நான்கு, ஒன்று, இரண்டு, மூன்று. அவள் சொன்னது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் எண்ணாமல் விட்ட கல்யாண நாளையும் கணக்கில் சேர்த்து அவள் வரிசையைத் தள்ளியிருக்கிறாள்.

நோட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க அவளாலும் முடியவில்லை.

“லீவு நாளுக்கும் ஷிப்ட் மாறும்லா,” என்றாள். “அப்படித்தான நினைச்சேன்.”

பஞ்சாலையில் எனக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். நான் எந்த ஷிப்ட் என்று நானே மறந்துபோன நாள் உண்டு, அவள் மறந்ததில்லை. அதைக் கணக்கு வைத்துத்தான் சோறாக்கினாள், டிபன் கட்டினாள், மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். என் பாட்டில் வரிசை அந்த அட்டவணைதான். அது எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

வேண்டுமென்று ஆரம்பிக்கவில்லை என்றாள். முதல் இரண்டு நாளும் குருட்டாம்போக்கில் ஒன்று சரியாகப் போய்விட்டது. அதற்கு நான் பட்ட சந்தோஷத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவில் இரண்டு நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாளாம். எல்லாம் சரியாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்று.

“அப்போ இந்தப் பத்தொன்பது நாளும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமே தெரியலைங்க. நாலும் பொடி. அம்புட்டுத்தான்.” பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, “இனிமே வராதுன்னு பயமா இருக்கு,” என்றாள். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து அவள் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நானும் அன்றுதான் நோட்டை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது நடந்ததைச் சொன்னேன். கடைக்காரம்மா என்னைத்தான் திட்டினார்.

“மறந்துபோன மூக்குக்கு ஞாபகப்படுத்தச் சொன்னா, அதுக்குப் பரீட்சை வச்சிருக்கீக. பாடம் நடத்தாம என்ன அண்ணாச்சி பரீட்சை? இது இன்னதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுங்க.”

அதற்குப் பிறகு எண் கேட்பதை விட்டோம். ஒவ்வொரு பாட்டிலையும் முதலில் நான் முகர்ந்து, என்ன வருகிறது என்று சொல்லி அவளிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். காபி வாசம் என்பதைத் தவிர எனக்குச் சொல் இல்லை. நிறையப் படிக்கிறவன் என்று பெயர் எனக்கு. நூலகத்தில் காபி பற்றிக் கிடைத்ததையெல்லாம் அந்த மாதத்தில் படித்து முடித்தேன். புத்தகத்தில் மல்லிகை, ஏதோ ஒரு பெர்ரிப் பழம் என்று இருந்தது. அவள் பார்த்தே இராத பழத்தைச் சொல்லி அவள் மூக்குக்கு எப்படி ஞாபகப்படுத்துவது? வீட்டில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நாள் கணக்கில் முகர்ந்து, குடித்து, அடித்து எழுதி, கடைசியில் நான்குக்கும் சொல் கிடைத்தது. தாண்டிக்குடி இளம் வறுவல், எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினாற்போல. அதுவே கறுத்தால் கருகின வெல்லம், அதன் பின்னால் கொஞ்சம் புகை. வயநாடு, வறுத்த கடலையின் தோலும் மழையில் நனைந்த சாக்கும். பீபெரி, பாகு வருவதற்குக் கொஞ்சம் முந்தைய கருப்பட்டி. சாக்கு என்று சொன்னபோது, “நல்லாருக்கே, சாக்கையா இத்தன வருஷம் குடிச்சோம்?” என்றாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

அந்த நாட்களில் வாசம் திரும்பியதோ இல்லையோ, என் வாய்க்குக் காபி வந்து சேர்ந்தது. பால் ஊற்றாமல் டிகாக்‌ஷனை மட்டும் ஒரு மடக்குக் குடித்து, நாக்கின் எந்தப் பக்கம் புளிக்கிறது என்று பார்க்கப் பழகினேன். அவளுக்கு இல்லாத நாளில் எனக்குக் கிடைத்தது என்பதால் இதை மகிழ்ச்சி என்று எழுதக் கை கூசுகிறது. நன்றி என்று எழுதலாம்.

ஆடி 6, செவ்வாய். வறுப்பதைப் பார்க்க மதினியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தார். ஆடிப்பூரத்துக்குக் கொடியேறியிருந்ததால் பஸ்ஸைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள்; கூட்டத்தில் நடந்து போனோம். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாயிற்று. அப்போது ஈர வைக்கோல் வாசம். பிறகு பழுப்பு; ரொட்டி சுடுகிற வாசம். பிறகு உள்ளே படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. இந்த முதல் வெடிப்பு முடிந்த கையோடு இறக்கினால் இளம் வறுவல், பொறுத்தால் கறுப்பு, அதற்கும் மேல் பொறுத்தால் எந்த ஊர்க் கொட்டையும் கரிதான் என்று கடைக்காரம்மா சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார். என் மனைவி டிரம்முக்கு அருகில் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். நான் கேட்கவில்லை. கேட்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் காலை நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அங்கேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு உள்ளே வந்தாள்.

“பால் அடிப்பிடிக்குது. பக்கத்துல நின்னு என்னத்தப் படிக்கீக?”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். நான் அடுப்பை அணைக்க மறந்தேன். அந்தப் பாத்திரத்தின் அடியில் பிடித்தது இன்னும் முழுசாகப் போகவில்லை. தேய்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வயநாடு முதலில், கறுப்பு வறுவல் அடுத்து, பீபெரி ஆவணியில். தாண்டிக்குடியின் எலுமிச்சை ஐப்பசி வரை இழுத்தது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, யாரையும் கூப்பிடாமல் புளியோதரை கிளறி, பெருமாளுக்குக் காட்டிவிட்டு எனக்கு இலை போட்டாள். உப்பு ஒரு கல் கூடுதல். நான் சொல்லவில்லை. அவள் முதல் வாயிலேயே கண்டுபிடித்து, அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

ஐப்பசியில் மழை பெய்த ஒரு மாலை, இளம் வறுவலைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: “முதல்ல வந்தது பால் இல்லீங்க. கடைலயே வந்துச்சு. படபடன்னு வெடிச்சுதுல்லா, அப்போ. ஒரு இழுப்பு. பொறவு போயிட்டு.”

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நெசந்தானான்னு எனக்கே தெரியல. ஒருவாட்டி உங்கள ஏமாத்துனது போதும்னு இருந்துட்டேன்.”

நோட்டில் இப்போது இரண்டு தேதி இருக்கிறது. ஆடி 7: அடிப்பிடித்த பால், நான் நேரில் கண்டது. ஆடி 6: கடையில், முதல் வெடிப்பின்போது, அவள் சொன்னது. கடைக்காரம்மாவிடம் கேட்டேன், அந்த நேரம் அவர் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு சாட்சி இல்லை. வாசம் திரும்பிய நாள் இரண்டில் எது என்பது இன்று வரை சரிபார்க்கப்படவில்லை.